15 நாட்களை எதற்குச் செலவிட்டோம்: ஓர் அமெச்சூர் தேசிய டச் ரக்பி அணியின் தயாரிப்பு

ஒரு சர்வதேச டச் ரக்பிப் போட்டிக்கு ஏழு மாதத் தயாரிப்பு என்றுதான் எல்லோரிடமும் சொன்னோம். ஆனால் அந்த ஏழு மாதத்தில் அணி முழுவதும் ஒரே மைதானத்தில் நின்றது மொத்தம் 15 நாட்கள். மாதம் ஒரு வார இறுதியாக ஆறு முகாம்கள், புறப்படுவதற்கு முன் மூன்று நாள் முகாம் ஒன்று, அவ்வளவுதான். மற்ற நாட்களில் ஒருவர் மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்தார், ஒருவர் பள்ளியில் பாடம் நடத்தினார், இன்னொருவர் கைக்குழந்தையோடு தூக்கமில்லாமல் கிடந்தார். யாருக்கும் சம்பளம் கிடையாது. பயணம், சீருடை, தங்குமிடம் எல்லாமே அவரவர் கைப்பணம். பாதிப் பேருக்கு மேல் அந்த ஆண்டின் விடுப்பு முழுவதையும் இந்தப் போட்டிக்கே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அந்த 15 நாட்களில் என்ன செய்தோம், என்ன செய்திருக்க வேண்டும் என்பதைப் பற்றியது இந்த ஆய்வு. நான் அணியின் மேலாளர்; உதவிப் பயிற்சியாளர் வேலையையும் பார்த்தேன். அதனால் இதில் வரும் தவறுகளில் சில என்னுடையவை, அவற்றை என்னுடையவை என்றே எழுதுகிறேன். வீரர்களைப் பெயரால் அல்லாமல் அவர்கள் ஆடிய இடத்தால் குறிப்பிடுகிறேன்.

ஆட்டமும் அணியும்

ரக்பியில் பந்தோடு ஓடுபவரைப் பிடித்துச் சாய்ப்பார்கள். டச் ரக்பியில் தொட்டால் போதும், அந்தத் தொடுதலுக்கும் டச் என்றுதான் பெயர். தொடப்பட்டவர் அந்த இடத்திலேயே நின்று, பந்தைத் தரையில் வைத்து அதைத் தாண்டி வருவார். இதற்கு ரோல்பால் என்று பெயர். பின்னால் நிற்கும் ஹாஃப் அதை எடுத்துப் பாஸ் செய்வார், அல்லது தானே எடுத்துக்கொண்டு ஓடுவார். ஹாஃப் பந்தோடு இருக்கும்போது தொடப்பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆறு முறை தொடப்பட்டாலும் அப்படித்தான். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ஒரு புள்ளி. மைதானம் 70 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம். ஒரு பாதிக்கு 20 நிமிடம். களத்தில் ஆறு பேர்: நடுவில் இரண்டு மிடில், அவர்களை ஒட்டி இரண்டு லிங்க், ஓரங்களில் இரண்டு விங். மொத்த அணி 14 பேர். ஆட்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கடைசி விதியை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், இந்த ஆய்வில் பாதி அதைப் பற்றியதுதான்.

நாங்கள் பதிவு செய்தது கலப்புப் பிரிவில். அதில் ஒரு நேரத்தில் களத்தில் மூன்று ஆண்களுக்கு மேல் இருக்கக் கூடாது.

சிட்னியில் 1960களில் ரக்பி லீக் வீரர்களின் பயிற்சியிலிருந்து கிளைத்த ஆட்டம் இது. 1968இல் சவுத் சிட்னியில் இதற்கென்று கிளப் உருவானது. 1985இல் சர்வதேசக் கூட்டமைப்பு அமைந்தது, 1988இல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் முதல் உலகக் கோப்பை நடந்தது. அங்கெல்லாம் குழந்தைகள் பள்ளி வயதிலேயே ரோல்பால் வைக்கக் கற்கிறார்கள். எங்கள் அணியில் பெரும்பாலோர் இருபது வயதைத் தாண்டிய பிறகு கால்பந்து, கூடைப்பந்து, தடகளம் என்று எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தவர்கள். கால்கள் வேகமாக ஓடும், கைகள் பந்தைப் பிடிக்கும். ஆனால் சிறு வயதிலிருந்து சேர்ந்து ஆடியவர்களுக்குள் பேச்சில்லாமலே நடக்கும் ஒரு புரிதல் இருக்கிறதே, அது எங்களிடம் இல்லை. அதை உருவாக்கத்தான் எங்களுக்கு நேரம் தேவைப்பட்டது.

முதல் முகாம்

முதல் முகாமின் முதல் காலையை உடல்தகுதிச் சோதனைக்கு ஒதுக்கினோம். தேர்வுக்கு வந்த 22 பேரும் 30 விநாடி ஓட்டம், 15 விநாடி நடை என்று வேகம் கூடிக்கொண்டே போகும் சோதனையை ஓடினார்கள். பிறகு குறுந்தூர ஓட்டம், தாவல், சில பலச் சோதனைகள். அவர்கள் ஓய்வெடுத்து எழுந்தபோது மதியமாகிவிட்டது. அன்று பந்து கையில் இருந்தது இரண்டு மணி நேரம். அதிலும் கால்கள் சோர்ந்து போயிருந்ததால் பாதி பாஸ்கள் முழங்காலுக்கு வந்தன.

ஆனால் மாலையில் எங்களுக்கு ஒரு நிறைவு இருந்தது. வரிசை வரிசையாக எண்கள் கையில் இருந்தன. பெரிய வேலை நடந்துவிட்டது போலத் தோன்றியது. அந்த நாளுக்கான அட்டவணையைப் போட்டது நான்தான்.

கிளம்பும்போது மிடிலில் ஆடும் ஒரு பெண் என்னிடம் வந்து, "இந்த ஓட்டத்தை நான் வீட்டுப் பக்கத்திலேயே ஓடி உங்களுக்கு எண்ணை அனுப்பியிருப்பேனே. இங்கே வந்தது இவர்களோடு பாஸ் பண்ணத்தானே?" என்று கேட்டார். கோபமில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். நான் ஏதோ சமாளித்தேன். அந்தக் கேள்வியில் இருந்த நியாயம் எனக்கு உறைக்க இரண்டு வாரம் ஆனது.

ஒரு கணக்குதான் உறைக்க வைத்தது. களத்தில் ஆறு இடங்கள், ஆட்டம் 40 நிமிடம். ஆறும் நாற்பதும் பெருக்கினால் 240 ஆள்-நிமிடங்கள். அதை 14 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்குச் சுமார் 17 நிமிடம். மிடில் ஆடுபவர்கள் அதையும் ஒன்றரை, இரண்டு நிமிடத் துண்டுகளாகத்தான் ஆடுகிறார்கள். முழு வேகத்தில் போய்வருவார்கள், வெளியே வந்து மூச்சு வாங்குவார்கள், மறுபடி உள்ளே போவார்கள். இந்த ஆட்டத்துக்குத் தேவையான உடல்தகுதி 40 நிமிடம் நிற்காமல் ஓடும் தகுதி அல்ல. சிறு வெடிப்புகளைத் திரும்பத் திரும்பச் செய்து, இடையில் சீக்கிரம் தேறும் தகுதி. அதை ஒருவர் தனியாக, அரை மணி நேரத்தில், எந்தப் புல்வெளியிலும் வளர்த்துக்கொள்ளலாம். அந்த ஆள் எப்போது வெளியே வர வேண்டும், அவர் இடத்துக்கு யார் எந்த வழியாக உள்ளே நுழைய வேண்டும் என்பதைத்தான் தனியாகப் பழக முடியாது.

இரண்டாம் முகாமுக்கு முன் தலைமைப் பயிற்சியாளரும் நானும் ஒரு விதி வைத்தோம்: தனியாகவோ இரண்டு பேராகவோ செய்யக்கூடிய எதையும் முகாமில் செய்யக் கூடாது. ஓட்டம், பலப் பயிற்சி, ரோல்பாலை வேகமாக வைப்பது, இரண்டு கையாலும் நீளப் பாஸ் எல்லாம் வீட்டுப்பாடமாகப் போயின. ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் அது எவ்வளவு கடினமாக இருந்தது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைக் கொடுத்து, அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கி அனுப்ப வேண்டும். கார்ல் ஃபாஸ்டர் என்ற ஆய்வாளர் பரவலாக்கிய முறை இது, கருவி எதுவும் தேவையில்லை. இரவுப் பணியில் இருந்தவரின் எண்கள் அந்த வாரங்களில் எப்போதும் ஏறியே இருந்தன, அதே பயிற்சிக்கு அவருடைய உடல் கூடுதல் விலை கொடுத்தது. தூரத்திலிருந்து அவரைப் பார்த்துக்கொள்ள எங்களுக்கு இருந்த ஒரே சாளரம் அந்த எண்தான்.

பின்தொடைத் தசை

மூன்றாம் முகாமில் இரண்டு பேருக்குப் பின்தொடைத் தசை இழுத்துக்கொண்டது. ஒருவருக்கு லேசாக, இன்னொருவருக்குக் கிழிசல். கிழிசல் ஏற்பட்டவர் எங்கள் வேகமான லிங்க்.

அவருடைய எண்களை அன்று இரவு எடுத்துப் பார்த்தேன். முந்தைய மூன்று வாரம் அலுவலக வேலை காரணமாக வாரத்துக்கு ஒரு பயிற்சிதான் செய்திருந்தார். பிறகு முகாமில் இரண்டு நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம், ஒவ்வொரு ஓட்டத்தையும் கடைசி ஓட்டம் போல ஓடினார். ஏன் ஓடினார்? தேர்வு இன்னும் முடியவில்லை. ஆறாம் முகாமுக்குப் பிறகுதான் 14 பேரை அறிவிப்பதாகச் சொல்லியிருந்தோம். அதனால் 22 பேருக்கும் ஒவ்வொரு முகாமும் பரீட்சை. வலி இருந்தாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பெயர் அடிபடும் என்ற பயம். எண்கள் என் கைக்கு ஒவ்வொரு வாரமும் வந்துகொண்டுதான் இருந்தன. முகாமுக்கு முன் நான் அவற்றைப் படித்து, அவரைப் பாதி நேரம் உட்கார வைத்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

நார்டிக் பயிற்சி என்று ஒன்று உண்டு. மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை மெதுவாக முன்னால் சாய்ப்பது. பின்தொடைக் காயங்களை அது ஏறக்குறையப் பாதியாகக் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். வீட்டுப்பாடத்தில் அது இருந்தது. ஆனால் விசாரித்தபோது பாதிப் பேர் அதைத் தவிர்த்து வந்தது தெரிந்தது, மறுநாள் தொடை வலிக்கிறது என்பதுதான் காரணம். வலி தொடக்க வாரங்களில்தான் இருக்கும், குறைந்த எண்ணிக்கையில் ஆரம்பித்தால் அதுவும் அவ்வளவு இருக்காது என்று நாங்கள் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. தாளில் எழுதி அனுப்பினால் போதும் என்று நினைத்துவிட்டோம்.

தேர்வை நான்காம் முகாமோடு முடித்துவிடலாம் என்று நான் சொன்னேன். தலைமைப் பயிற்சியாளர் ஒப்பவில்லை. இடம் உறுதியானால் உழைப்பு குறையும் என்பது அவர் கவலை. அதில் அர்த்தம் இல்லாமல் இல்லை, அவர் அப்படி நடந்து பார்த்தவர். நீண்ட பேச்சுக்குப் பிறகு, 14 பேரோடு இரண்டு காத்திருப்பு வீரர்களையும் அறிவித்து, அந்த இருவரும் கடைசி வரை எல்லா முகாமுக்கும் வருவது என்று முடிவானது.

தேர்வாகாத ஆறு பேரையும் நானே தொலைபேசியில் அழைத்தேன். அதில் ஒருவர் அணி தொடங்கிய நாளிலிருந்து இருந்தவர். எங்களுக்குக் கோல்போஸ்ட் இல்லாத மைதானத்தில் கோடு போடச் சுண்ணாம்பு வாளி தூக்கியவர். அவரிடம் என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. மறுமுனையில் கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம் "முகாமில் எதிரணியாக ஆட ஆள் வேண்டுமா?" என்று கேட்டார். அடுத்த மூன்று முகாமுக்கும் வந்தார். எங்கள் தற்காப்பு கூர்மையானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அறிவிப்புக்குப் பிறகு முகாமின் தன்மையே மாறியது. "இந்த நகர்வு எனக்குப் புரியவில்லை" என்று வாய்விட்டுச் சொன்னார்கள். "இடது கெண்டைக்கால் இறுக்கமாக இருக்கிறது, இந்தச் சுற்றில் உட்கார்ந்துகொள்கிறேன்" என்றார்கள். உழைப்பு குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை, பயம்தான் குறைந்தது. லிங்க் ஆடியவர் ஓட்டத்துக்குத் திரும்ப ஏழு வாரமானது. அவரை 14 பேரில் வைத்துக்கொண்டோம். அது சரியான முடிவுதானா என்று இன்றும் எனக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. போட்டியில் அவர் நன்றாக ஆடினார், ஆனால் அவருக்காகக் காத்திருப்பில் நின்றவரும் நன்றாக ஆடியிருப்பார்.

ஒரே நகர்வு, மூன்று பெயர்கள்

வீரர்கள் ஐந்து கிளப்களிலிருந்து வந்தவர்கள். லிங்க் பந்தைக் கொடுத்துவிட்டு விங்குக்குப் பின்னால் சுற்றி வெளியே வரும் நகர்வு எல்லா கிளப்பிலும் உண்டு. ஆனால் அதற்கு மூன்று பெயர்கள் இருந்தன. அதில் ஒரு பெயர் வேறொரு கிளப்பில் நேர் எதிரான நகர்வைக் குறித்தது. ஐந்தாவது டச்சில், கோட்டுக்கு ஐந்து மீட்டர் முன்னால் ஒருவர் ஒரு சொல்லைக் கத்த, இரண்டு பேர் இரண்டு பக்கம் ஓட, பந்து யாருமில்லாத இடத்தில் விழுந்த காட்சியை இரண்டாம் முகாமில் நான்கு முறையாவது பார்த்திருப்பேன்.

எல்லாப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதினோம். முப்பதுக்கு மேல் வந்தது. அதை ஏழாகக் குறைத்தோம். மூச்சு வாங்கும்போதும் சொல்ல முடிகிற, ஒன்றோடொன்று ஒலியில் குழம்பாத சொற்களாகத் தேர்ந்தெடுத்தோம். தங்கள் கிளப்பின் சொல்லை விட்டுக்கொடுப்பது சிலருக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் பட்டியல் உறுதியானதும் வாரத்துக்கு ஒருமுறை அதைக் காணொளி அழைப்பில் ஒப்பிக்க வைத்தோம். ஒருவர் சொல்லைச் சொல்ல, அடுத்தவர் தன் இடத்திலிருந்து எங்கே ஓடுவார் என்று சொல்ல வேண்டும். மைதானம் தேவைப்படாத வேலை அது.

தற்காப்பில்தான் சொற்கள் இன்னும் முக்கியம். 2020இல் வந்த சர்வதேச விதிகளின்படி ஒவ்வொரு டச்சுக்கும் தற்காப்பு அணி ஏழு மீட்டர் பின்வாங்க வேண்டும். அதற்கு முன் ஐந்து மீட்டராக இருந்தது. எங்களில் மூத்தவர்கள் ஐந்து மீட்டருக்குப் பழகிய கால்களை உடையவர்கள். ஆறு டச்சுக்கு ஏழு மீட்டர் வீதம் 42 மீட்டர் பின்னோக்கி ஓடி, ஒவ்வொரு முறையும் திரும்ப முன்னேற வேண்டும். கொஞ்சம் சோர்ந்தால் ஆறு மீட்டரில் நின்றுவிடுவார்கள், நடுவர் பெனால்ட்டி கொடுப்பார், எதிரணிக்கு டச் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். நான்காம் முகாமிலிருந்து ஒரு நடுவரை அழைத்து வந்தோம். அவர் பயிற்சி ஆட்டம் முழுக்க விசில் ஊதாமல், யார் எந்த டச்சில் முன்னால் நின்றார் என்று மட்டும் குறித்துக் கொடுத்தார். பெரும்பாலும் மூன்றாவது டச்சுக்குப் பிறகுதான், அதுவும் அதிக நேரம் உள்ளே இருந்தவர்கள்தான். மறுபடியும் ஆள் மாற்றத்துக்கே வந்து நின்றோம்.

சப் பாக்ஸ்

ஐந்தாம் முகாமில் எங்களைவிட வேகமான ஒரு கிளப் அணியோடு முழு ஆட்டம் ஆடினோம். முதல் பாதி சமமாக முடிந்தது. இரண்டாம் பாதியில் ஒரு புள்ளி எடுத்து ஆறு கொடுத்தோம். ஆட்டம் முடிந்ததும் எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை: களைப்பு. அடுத்த மாதம் ஓட்டப் பயிற்சியைக் கூட்டலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நானும்தான்.

காத்திருப்பு வீரர் ஒருவர் ஆட்டத்தைத் தன் கைப்பேசியில் எடுத்திருந்தார். அன்று இரவு உட்கார்ந்து, ஒவ்வொருவரும் எப்போது உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார் என்று எழுதினேன். சலிப்பூட்டும் வேலை, மூன்று மணி நேரம் பிடித்தது. முடிவு என்னைத் தூக்கிவாரிப் போட்டது. முதல் பாதியில் இடது விங் ஆடிய இருவரும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டார்கள். இரண்டாம் பாதியில் அதே இடத்தில் ஒரே பெண் தொடர்ந்து 11 நிமிடம் நின்றிருந்தார். அவருடைய மாற்று ஆள் ஓரத்தில் ஆட்கள் காத்திருக்கும் பாக்ஸில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் விட்ட ஆறு புள்ளிகளில் நான்கு அந்த ஓரத்தில்.

காரணம் விதியிலேயே இருக்கிறது. ஆட்களை மாற்றும் சப் பாக்ஸ் பக்கக் கோட்டுக்கு வெளியே, மைதானத்தின் நடுப்பகுதியில் இருக்கும். வெளியே வருபவர் பாக்ஸுக்குள் வந்த பிறகுதான் அடுத்தவர் களத்துக்குள் போகலாம். நாணயம் சுண்டி வென்ற அணித்தலைவர் ஓடும் திசையையும் பாக்ஸையும் தேர்ந்தெடுப்பார். பாக்ஸ் ஆட்டம் முடியும் வரை மாறாது. ஆனால் இடைவேளையில் அணிகள் திசை மாறும். முதல் பாதியில் பாக்ஸ் நம் இடப்பக்கம் இருந்தால் இரண்டாம் பாதியில் அது வலப்பக்கம். அதாவது இரண்டடி வைத்தால் வெளியே வர முடிந்த இடது விங், இடைவேளைக்குப் பிறகு 50 மீட்டர் தள்ளி நிற்கிறார். மைதானத்தின் முழு அகலத்தையும் கடந்து ஓடி வர வேண்டும், அந்த நேரம் முழுவதும் அணி ஐந்து பேராக ஆட வேண்டும்.

படத்தில் அந்தப் பெண் மூன்று முறை பாக்ஸைத் திரும்பிப் பார்க்கிறார். ஒருமுறை கையைத் தூக்குகிறார். பாக்ஸ் பக்கம் நின்ற நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அவர் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை. "நான்தான் இன்னும் ஓடிப் பழக வேண்டும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் படத்தைக் காட்டி, இது உங்கள் நுரையீரலின் தவறு இல்லை, எங்கள் தவறு என்று சொன்னபோது, என்னால் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

எத்தனையோ வருடமாக இந்த ஆட்டத்தை ஆடும் 16 பேரும், இரண்டு பயிற்சியாளர்களும் இதை ஏன் முன்பே பார்க்கவில்லை? கிளப் ஆட்டங்களில் ஆள் குறைவு, எட்டு ஒன்பது பேர்தான் வருவார்கள். களைத்தவர் வருவார், நின்றவர் போவார். அதற்கு மேல் யோசிக்க இடமில்லை. 14 பேரோடு ஆடுவது வேறொரு ஆட்டம் என்பதை நாங்கள் தெரிந்துகொள்ளவே இல்லை.

ஆறாம் முகாம் முழுவதையும், கடைசி முகாமின் முதல் நாளையும் இதற்கே கொடுத்தோம். தலைமைப் பயிற்சியாளர் புதிய தாக்குதல் நகர்வுகளுக்கு வைத்திருந்த நேரம் அது. அவர் தயங்காமல் விட்டுக்கொடுத்தார்.

முதலில் விங் ஆடும் நால்வரையும் இரண்டு பக்கமும் பழக்கினோம். இடைவேளையில் அவர்கள் பக்கம் மாறிக்கொண்டால், பாக்ஸ் ஓரத்தில் ஆடிய ஜோடி இரண்டாம் பாதியிலும் பாக்ஸ் ஓரத்திலேயே இருக்கும். தூர ஓரத்துக்கு நீண்ட நேரம் தாங்கும் இருவரை நிரந்தரமாக வைத்தோம். இது எளிது போலத் தெரியும். ஆனால் வருடக்கணக்கில் இடப்பக்கம் மட்டும் ஆடியவருக்கு வலப்பக்கத்தில் பந்து வேறு தோளைத் தாண்டி வருகிறது, தற்காப்பில் வேறு காலை முன்வைக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தடுமாற்றம் போக எங்களுக்கிருந்த நாட்கள் போதவில்லை.

அடுத்தது, தூர விங் வெளியே வரும் வழி. அவர் மைதானத்தைக் குறுக்கே கடந்து ஓடுவதை நிறுத்தினோம். பந்து நம்மிடம் இருக்கும்போது, முதல் இரண்டு டச்களில் மிடில்கள் பாக்ஸ் பக்கமாகச் சாய்த்து டிரைவ் செய்வார்கள், அதாவது பந்தோடு நேராக முன்னால் ஓடித் தொடப்படுவார்கள். தூர லிங்க் ஓரத்துக்கு விரிவார், தூர விங் உள்ளே வந்து ஒரு டிரைவ் எடுப்பார். அந்த ரோல்பாலை வைத்து முடித்ததும் அவர் பாக்ஸுக்குப் பக்கத்தில் இருப்பார், அங்கிருந்து வெளியேறுவார். ஆட்டத்துக்குத் தேவையான ஓட்டத்தையே வெளியே வரும் ஓட்டமாக்கிக்கொள்வது இது. தற்காப்பில் இருக்கும்போது மாற்றம் கிடையாது, நம் கோட்டை எதிரணி நெருங்கியிருந்தால் கண்டிப்பாகக் கிடையாது. நாம் புள்ளி எடுத்த உடன், எதிரணி நடுக்கோட்டுக்குப் போய் ஆட்டத்தை மறுபடி தொடங்கும் இடைவெளியில், யார் வேண்டுமானாலும் மாறலாம்.

பாக்ஸில் ஒருவர் எண்ணிக்கைக்காகவே நிற்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் வைத்தோம். கலப்பு ஆட்டத்தில் வெளியே வருவது பெண், உள்ளே போவது ஆண் என்று ஆகிவிட்டால் களத்தில் நான்கு ஆண்கள் ஆகிவிடலாம். பயிற்சியில் எங்களுக்கு அது இரண்டு முறை நடந்தது. காத்திருப்பு வீரர்களில் ஒருவர் அந்தப் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

கடைசி இரண்டு வாரம்

இந்தப் பகுதியில் சொல்ல அதிகமில்லை. போட்டிக்கு முன் இரண்டு வாரம் பயிற்சியின் அளவைப் பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் குறைக்காமல் வைத்தோம். ஆய்வுகள் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். திடீரென்று ஓய்வு கிடைத்ததும் சிலருக்குக் குற்ற உணர்வு வந்து ரகசியமாக ஓடினார்கள், அவர்கள் அனுப்பிய எண்களே காட்டிக்கொடுத்தன. விடுப்பு நாட்கள் இறுக்கமாக இருந்ததால் போட்டி தொடங்க இரண்டு நாள் முன்புதான் போய்ச் சேர்ந்தோம். நேர மண்டல மாற்றத்தில் ஒவ்வொரு மணி நேர வித்தியாசத்துக்கும் ஒரு நாள் என்ற பொதுக் கணக்கு எங்களுக்கு எட்டாத ஆடம்பரம்.

போட்டி

நான்கு நாளில் எட்டு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் பழைய பழக்கங்கள் அத்தனையும் திரும்பி வந்தன. பதற்றத்தில் யாரும் வெளியே வர விரும்பவில்லை. "இந்த ஒரு செட் (ஆறு டச் கொண்ட சுற்று) முடியட்டும்" என்று ஒவ்வொருவரும் சைகை காட்டினார்கள். தேசத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல்முறை இறங்கிய ஒருவரை வெளியே வா என்று அழைப்பதும் எளிதில்லை. தோற்றோம்.

அன்று மாலை அணித்தலைவர் எல்லோரையும் உட்கார வைத்தார். நாளையிலிருந்து வெளியே வருவதை ஆடுபவர் முடிவு செய்ய மாட்டார், பாக்ஸில் எண்ணுபவர் முடிவு செய்வார் என்றார். தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார். இரண்டாம் நாள் முதல் டிரைவ் முடிந்ததும் அவரே முதலில் வெளியே வந்தார், ஓடி வந்தார், நடந்து வரவில்லை. அதன் பிறகு யாரும் மறுக்கவில்லை.

மிகப் பலமான இரண்டு அணிகளிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்றோம். அவர்களுடைய ரோல்பால் வேகத்துக்கு எங்கள் ஏழு மீட்டர் ஓட்டம் ஈடுகொடுக்கவில்லை. நாங்கள் திரும்பி நிற்கும் முன் ஹாஃப் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார். இதற்கு 15 நாள் பயிற்சியில் விடை கிடையாது. எட்டில் மூன்றை வென்றோம்.

மூன்றாம் நாள் ஆட்டம் ஒன்றில் நாணயம் எங்களுக்கு விழுந்தது. அணித்தலைவர் பாக்ஸ் இரண்டாம் பாதியில் எந்தப் பக்கம் வரும் என்று கையால் காற்றில் வரைந்து பார்த்துவிட்டுத் திசையைத் தேர்ந்தெடுத்தார். இடைவேளையில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். விங்குகள் பக்கம் மாறினார்கள். 11 நிமிடம் நின்ற அதே பெண் அந்தப் பாதியில் ஆறு முறை உள்ளே போய் ஆறு முறை வெளியே வந்தார். கடைசி மூன்று நிமிடத்தில் எதிரணியின் தூர விங் இடுப்பில் கைவைத்துக் குனிந்து நிற்பதை முதலில் கவனித்ததும் அவர்தான். பாக்ஸிலிருந்து உள்ளே ஓடும்போதே லிங்கைப் பார்த்து நம் ஏழு சொற்களில் ஒன்றைக் கத்தினார். பந்து மூன்று கை மாறி அந்த ஓரத்துக்குப் போனது. அங்கே இடம் இருந்தது. ஒரு புள்ளியில் வென்றோம்.

பயிற்சி ஆட்டத்தில் செய்தது போலவே எட்டு ஆட்டங்களின் ஆள் மாற்ற நேரங்களையும் எழுதி வைத்திருக்கிறோம். முதல் ஆட்டத்தைத் தவிர வேறெதிலும் யாரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து உள்ளே இல்லை. ஏழு மீட்டரில் முன்னால் நின்றதற்கான பெனால்ட்டிகளும் நாளுக்கு நாள் குறைந்தன. மூன்றாம் டச்சுக்குப் பிந்தைய சோர்வுதான் அதற்குக் காரணம் என்று நாங்கள் நினைத்ததற்கு அது பொருந்திப்போகிறது. ஆனால் ஓர் அணியின் எட்டு ஆட்டத்தை வைத்து அதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த தயாரிப்பின் முதல் முகாம் தொடங்கிவிட்டது. புதிதாக ஒன்பது பேர் வந்திருக்கிறார்கள். உடல்தகுதி எண்களை அவரவர் வீட்டிலிருந்தே அனுப்பிவிட்டார்கள். காலையில் நான் மைதானத்துக்குப் போனபோது இடது விங் ஆடும் அந்தப் பெண் எனக்கு முன்பே வந்து, நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் கூம்புகளை வைத்துச் சப் பாக்ஸை அளந்துகொண்டிருந்தார். பந்துப் பை இன்னும் வண்டியிலேயே இருந்தது.